நீதிபதியின் நாற்காலியில் மாணவரை உட்காரவைப்பது எப்படி?

குற்றவியல் சட்டம் நடத்தும் ஆசிரியர் ஒருவரிடமிருந்து வந்த கேள்வி இது: "குற்றம் நிரூபணமான பிறகு எவ்வளவு தண்டனை என்பதை நீதிபதி எப்படி முடிவு செய்கிறார் என்று கற்பிக்க டிஜிட்டல் சிமுலேஷன், அதாவது நிஜச் சூழலைக் கணினியில் பாவனையாக நடத்திப் பார்ப்பது, பயன்படுமா? வழக்கு விவரத்தைத் தாளில் அச்சடித்துக் கொடுத்து விவாதிப்பதைவிட அதில் என்ன கூடுதலாகக் கிடைக்கும்? செய்வதென்றால் எப்படிச் செய்வது?"

பயன்படும். ஆனால் பெரும்பாலோர் எதிர்பார்க்கும் காரணத்துக்காக அல்ல. அங்கி போட்ட நீதிபதி, கூண்டில் நிற்கும் ஆள், சுத்தியல் சத்தம் என்று திரையில் ஒரு நீதிமன்றத்தையே கட்டிக் காட்டினால் முதல் பத்து நிமிடம் வகுப்பு கலகலப்பாக இருக்கும். அதோடு சரி. இந்தப் பாடத்தில் கணினியால் உருப்படியாகச் செய்ய முடிகிற காரியங்கள் இரண்டுதான். எந்தத் தகவல் தெரிந்திருந்தபோது மாணவர் என்ன முடிவெடுத்தார் என்பதை அது மறக்காமல் வைத்திருக்கும். அப்புறம், ஒரே வழக்கில் ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றி, வகுப்பின் ஒரு பாதிக்கு ஒன்றும் மறுபாதிக்கு இன்னொன்றுமாக, அவர்களுக்குத் தெரியாமலே கொடுக்கும். தாளிலும் இதைச் செய்யலாம், நாக்குத் தள்ளிவிடும். இந்த இரண்டையும் பயன்படுத்தாத சிமுலேஷன் என்றால் தாளே போதும், செலவும் மிச்சம்.

நான் முதலில் செய்தது படுதோல்வி. மாணவர் ஒரு தண்டனையைச் சொல்வார், நிஜ வழக்கில் நீதிபதி கொடுத்த தண்டனைக்கு அது எவ்வளவு நெருக்கம் என்று பார்த்து மதிப்பெண் விழும். அப்படித்தான் அமைத்திருந்தேன். மூன்றாவது வழக்குக்குள் வகுப்பு குற்றவாளியைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு என் மனதைப் படிக்க ஆரம்பித்துவிட்டது. "இந்த ஆள் எடுத்துப்போட்ட வழக்கா, அப்படியென்றால் சிறை இருக்காது" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது. சரியாகத்தான் கணித்திருந்தார். முழு மதிப்பெண்ணும் வாங்கினார்.

தப்பு அந்த மதிப்பெண்ணில் இருந்தது. கணக்குக்கு விடை இருப்பதுபோல் தண்டனைக்கு ஒற்றை விடை கிடையாது. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட ஒரு பழைய ஆய்வைக் காட்டுவது சுலபம். 1974-இல் அமெரிக்காவில் நியூயார்க், கனெக்டிகட், வெர்மான்ட் மாநிலங்களைச் சேர்ந்த கூட்டாட்சி நீதிபதிகள் 50 பேருக்கு, ஒரே 20 வழக்குகளின் கோப்புகளைக் கொடுத்து என்ன தண்டனை விதிப்பீர்கள் என்று கேட்டார்கள். மிரட்டிப் பணம் பறித்த ஒரு வழக்கில் ஒரு நீதிபதி 20 ஆண்டு சிறையும் 65,000 டாலர் அபராதமும் என்றார். இன்னொருவர் அதே கோப்பைப் படித்துவிட்டு 3 ஆண்டு சிறை, அபராதம் இல்லை என்றார். இருவரும் ஒரே சட்டத்தின் கீழ் வேலை செய்தவர்கள், அனுபவசாலிகள். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு சிமுலேஷன்தான், கணினி மட்டும் இல்லை.

இப்படிப்பட்ட வித்தியாசங்கள் மேல் எழுந்த கோபம்தான் அங்கே 1984-இல் தண்டனைச் சீர்திருத்தச் சட்டத்தையும், 1987-இல் நடைமுறைக்கு வந்த வழிகாட்டு நெறிகளையும் கொண்டுவந்தது. குற்றத்தின் கடுமை 43 நிலைகள், முன்குற்ற வரலாறு 6 வகைகள், இரண்டும் சந்திக்கும் 258 கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் இத்தனை மாதம் முதல் இத்தனை மாதம் வரை என்ற எண். 2005-இல் புக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது நீதிபதியைக் கட்டாயப்படுத்தாது, ஆலோசனைதான் என்று ஆக்கிவிட்டது. அந்தக் கட்டம்தான் சிமுலேஷன் செய்பவர்களை முதலில் இழுக்கும், ஏனென்றால் நிரல் எழுத அவ்வளவு வசதி. ஆனால் அதை வைத்து ஒன்றைச் செய்தால் கடைசியில் கையில் இருப்பது கால்குலேட்டர். மாணவர் அட்டவணை பார்க்கக் கற்றுக்கொள்வார், அவ்வளவுதான்.

இங்கிலாந்து முறை கற்பித்தலுக்கு இன்னும் தோதானது. 2010 முதல் அங்கே ஒரு தண்டனை வழிகாட்டு மன்றம் இயங்குகிறது. குற்றவாளியின் பொறுப்பு எவ்வளவு, விளைந்த தீங்கு எவ்வளவு என்று முதலில் பார்த்து ஒரு தொடக்கப் புள்ளியை எடுக்க வேண்டும். பிறகு கூட்டும் காரணங்கள், குறைக்கும் காரணங்கள். அதற்கப்புறம் குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கான தள்ளுபடி: முதல் வாய்ப்பிலேயே ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு, விசாரணை நாள் வரை இழுத்தடித்துவிட்டு ஒப்புக்கொண்டால் பத்தில் ஒரு பங்கு. படிப்படியாக இருப்பதால் திரைகளாகப் பிரிக்க எளிது, ஆனால் ஒவ்வொரு படியிலும் நீதிபதி தன் சொந்தத் தீர்மானத்தைச் செய்தே ஆக வேண்டும். இந்தியாவில் இப்படி ஒரு மன்றமோ நாடு தழுவிய நெறியோ இல்லை. பல குற்றங்களுக்குச் சட்டம் உச்சவரம்பை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு தண்டனை குறித்து அவரைத் தனியாகக் கேட்க வேண்டும் என்ற விதி உண்டு. குற்றத்தை மட்டுமல்ல, குற்றவாளியையும் பார்க்க வேண்டும் என்று 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மற்றபடி அந்த நாற்காலியில் விரிந்த வெளிதான். ஆக, மாணவர் எந்த நாட்டுச் சட்டத்தின் நாற்காலியில் உட்காருகிறார் என்பதை முதல் திரையிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஆளாளுக்குச் செய்தியில் பார்த்த ஏதோ ஒரு நாட்டு நீதிமன்றத்தை மனதில் வைத்துக்கொண்டு பதில் சொல்வார்கள்.

பொதுமக்களுக்கென்று அரசு அமைப்புகளே செய்துவைத்த சிமுலேஷன்களும் இருக்கின்றன. இங்கிலாந்தில் 'நீங்களே நீதிபதி' என்ற பொருள்படும் தளம் அந்த வகை. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத் தண்டனை ஆலோசனை மன்றமும் அதே பெயரில் பள்ளிகளுக்குப் பாடம் வைத்திருக்கிறது. வழக்கைப் பார்க்கலாம், இரு தரப்பு வாதங்களைக் கேட்கலாம், தண்டனையைத் தேர்ந்தெடுக்கலாம், கடைசியில் நீதிபதி என்ன விதித்தார், ஏன் என்று தெரிந்துகொள்ளலாம். நேர்த்தியாகச் செய்திருக்கிறார்கள், ஒரு அறிமுக வகுப்புக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இவற்றின் உள்நோக்கங்களில் ஒன்று நீதிமன்றத்தின் மேல் மக்களுக்கு நம்பிக்கை வளர்ப்பது. அதில் தவறு ஏதுமில்லை. ஆனால் கதையின் முடிவில் நீதிபதி சொன்னது சரி, நான் நினைத்தது அவசரம் என்ற உணர்வோடுதான் மாணவர் வெளியே வருவார். வகுப்பறையில் அது பாதி வழி. நீதிபதி சொன்னதையும் எடைபோடப் பழக்க வேண்டுமே.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் கேட் வார்னர் தலைமையில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், 138 வழக்குகளில் ஜூரிகளாக அமர்ந்த, அதாவது குற்றவாளியா இல்லையா என்று தீர்மானித்த சாதாரணக் குடிமக்களிடம், நீதிபதி தண்டனை அறிவிக்கும் முன்பே "நீங்களாக இருந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்டார்கள். 52 சதவீதம் பேர் நீதிபதி பின்னர் கொடுத்ததைவிடக் குறைவாகவே சொல்லியிருந்தார்கள். நீதிபதியின் தண்டனை என்ன, காரணம் என்ன என்று தெரிந்த பிறகு 90 சதவீதம் பேர் அது பொருத்தமானது என்றார்கள். "நீதிமன்றங்கள் ரொம்பக் குறைவாகத்தான் தண்டிக்கின்றன" என்று பொதுவாகக் கேட்டால் தலையாட்டும் அதே வகை மக்கள்தான் இவர்களும். வழக்கை முழுதாகப் பார்த்தார்கள் என்பதுதான் வித்தியாசம். தலைப்புச் செய்தியை மட்டும் வைத்துச் சொல்லும் தண்டனைக்கும் கோப்பு முழுவதும் படித்துச் சொல்லும் தண்டனைக்கும் உள்ள அந்த இடைவெளியை மாணவர் தன் கையெழுத்திலேயே பார்க்கும்படி செய்வதற்குத்தான் சிமுலேஷன் வேண்டும்.

நான் இப்போது பயன்படுத்தும் வழக்கைச் சொல்கிறேன். கற்பனை வழக்குதான். முதல் திரையில் ஒரு செய்தித் தலைப்பு மட்டும்: 'நள்ளிரவில் வீடு புகுந்து மூதாட்டியை மிரட்டிக் கொள்ளை'. என்ன தண்டனை? மாணவர் எழுதியே ஆக வேண்டும். "இவ்வளவு தகவல் போதாது" என்று முனகுவார்கள், முனகட்டும், எழுதட்டும்.

இரண்டாவது திரையில் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்ட சங்கதிகள். 22 வயது இளைஞர், குடித்திருக்கிறார், தாழ்ப்பாள் போடாத ஜன்னல் வழியாக உள்ளே போகிறார், ஒரு லேப்டாப்பும் சங்கிலியும் எடுக்கிறார். அந்த அம்மா விழித்துக்கொண்டு விளக்கைப் போட்டதும் ஓடிவிடுகிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. 'மிரட்டி' என்பது செய்தி எழுதியவர் சேர்த்தது. மூன்றாவது திரையில் அந்த அம்மாவின் வாக்குமூலம்: அதற்குப் பிறகு அந்த அறையில் படுக்க முடியவில்லை, மகன் வீட்டுக்குப் போய்விட்டார், சங்கிலி இறந்துபோன தங்கையுடையது. நான்காவது திரையில் இளைஞரைப் பற்றிய அறிக்கை. ஏற்கெனவே இரண்டு சின்னத் திருட்டுகள், அதில் இரண்டாவது நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தபோதே செய்தது. கடன். மூன்றாம் நாள் தானாகவே காவல் நிலையம் போய்ச் சரணடைந்து லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தார், ஆனால் சங்கிலியை அதற்குள் விற்றுவிட்டார். தொழிற்பயிற்சி ஒன்றில் எட்டு மாதமாக ஒழுங்காகப் போய்வருகிறார். ஐந்தாவது திரை ஒவ்வொரு தண்டனையும் நடைமுறையில் என்ன ஆகும் என்பதைச் சொல்லும்: சிறைக்குப் போனால் பயிற்சி இடம் போய்விடும், சமூக சேவை என்றால் யார் கண்காணிப்பார், மீறினால் என்ன நடக்கும், நஷ்டஈடு என்றால் இவரால் எவ்வளவு கட்ட முடியும். ஒவ்வொரு திரைக்குப் பிறகும் ஒரு பதில்.

கடைசியில் மாணவருக்கு அவருடைய ஐந்து எண்களையும் ஒரு கோடாக வரைந்து காட்டும்போது வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். ஐந்து வருடத்தில் ஆரம்பித்து ஒன்றரைக்கு இறங்கி மறுபடி இரண்டரைக்கு ஏறியிருப்பார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்ல நேரம் பிடிக்கும். அங்கிருந்துதான் பாடம் தொடங்குகிறது.

இந்த வழக்கை எழுதும்போது ஒரு தவறைத் திருத்த வேண்டியிருந்தது. முதல் வடிவத்தில் திரைக்குத் திரை இளைஞருக்குச் சாதகமான தகவலே வந்துகொண்டிருந்தது. விளைவு, எல்லாருடைய கோடும் சறுக்கு மரம்போல் இறங்கியது. நான் கற்பித்தது தண்டனை விதிப்பை அல்ல, 'அதிகம் தெரிந்தால் குறைவாகத் தண்டிக்க வேண்டும்' என்ற என் அபிப்பிராயத்தை. இப்போது தகவல்கள் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. சில தகவல்கள் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் இழுக்கும்படியும் வைத்திருக்கிறேன். குடித்திருந்தார் என்பதை 'சுயநினைவோடு செய்யவில்லை, பாவம்' என்று குறைக்கும் காரணமாக எடுப்பவர்கள் எப்போதும் உண்டு. இங்கிலாந்து வழிகாட்டு நெறிகளில் போதையில் செய்வது தண்டனையைக் கூட்டும் காரணம். இதைக் கேட்டதும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். கண்காணிப்பில் இருந்தபோது செய்த திருட்டும் அப்படித்தான். சிலருக்கு 'வாய்ப்புக் கொடுத்தும் திருந்தவில்லை', சிலருக்கு 'கண்காணித்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?'.

இன்னொரு சின்ன ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது. இங்கிலாந்துச் சட்டம் தண்டனையின் நோக்கங்கள் என்று ஐந்தைச் சொல்கிறது: குற்றத்துக்கான தண்டிப்பு, அச்சமூட்டல் உள்ளிட்ட வழிகளில் குற்றங்களைக் குறைத்தல், குற்றவாளியைத் திருத்துதல், மக்களைப் பாதுகாத்தல், பாதிக்கப்பட்டவருக்கு ஈடு செய்தல். முதல் திரைக்கு முன்பே இந்த ஐந்தையும் முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தச் சொல்கிறேன். கடைசித் திரைக்குப் பிறகு மறுபடியும். திருத்துவதுதான் முதல் நோக்கம் என்று வரிசைப்படுத்திவிட்டு நான்கு ஆண்டு சிறை எழுதியவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்வதற்காக இல்லை. இந்த முரண் நீதிபதிகளுக்கும் உள்ளதுதான், அவர்கள் அதைத் தீர்ப்பில் எழுத வேண்டியிருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

இனி வகுப்பை இரண்டாகப் பிரிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி. ஜெர்மனியில் பிர்டே எங்லிஷ், தாமஸ் முஸ்வைலர், ஃபிரிட்ஸ் ஸ்ட்ராக் மூவரும் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சட்டப் பயிற்சி பெற்றவர்களிடம் கடையில் திருடிய ஒரு பெண்ணின் வழக்கைக் கொடுத்தார்கள். தண்டனை சொல்வதற்கு முன் இரண்டு தாயக்கட்டைகளை உருட்டச் சொன்னார்கள். கட்டைகள் ஏமாற்றுக் கட்டைகள், சிலருக்கு எப்போதும் கூட்டுத்தொகை 3 விழும், சிலருக்கு 9. அரசுத் தரப்பு கேட்கும் மாதங்கள் அந்த எண்தான் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். 3 விழுந்தவர்கள் சராசரியாக 5 மாதம் அளவில் சொன்னார்கள், 9 விழுந்தவர்கள் 8 மாதம் அளவில். தாங்களே உருட்டியது, தற்செயலாக விழுந்தது என்று தெரிந்தும்.

இதை விரிவுரையில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள், தங்களுக்கு அப்படி நடக்காது என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் சொல்லாமல் செய்கிறேன். நான்காவது திரையின் அடியில் ஒரு வரி: அரசுத் தரப்பு இத்தனை மாத சிறை கேட்கிறது. பாதிப் பேருக்கு 12, மீதிப் பேருக்கு 48. வேறு எதுவும் மாறாது. இரு பாதிகளின் சராசரியையும் அருகருகே காட்டிய பிறகு அந்த ஜெர்மன் ஆய்வைச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை.

இதே காரணத்தால் திரையின் வடிவமைப்பே விஷமம் செய்யும் என்பதையும் கவனிக்க வேண்டும். சிமுலேஷன் செய்யும் பலர் 0 முதல் 10 ஆண்டு வரை இழுத்து வைக்கும் ஸ்லைடரைப் போடுவார்கள், பார்க்க அழகாக இருக்கும். அந்தக் குமிழ் ஆரம்பத்தில் நடுவில், ஐந்தில் நின்றால், அதுவே ஒரு தாயக்கட்டை. கீழிறங்கும் பட்டியலும் அப்படியே. சிறை முதலில் வந்து, அபராதமும் சமூக சேவையும் கண்காணிப்பும் 'மற்றவை' என்று கடைசியில் தொங்கினால், சிறையே இயல்பு, மற்றதெல்லாம் சலுகை என்று பட்டியல் சொல்லிவிடுகிறது. வெற்றுப் பெட்டி ஒன்றைக் கொடுத்து எழுதச் சொல்வதே நல்லது. உச்சவரம்பைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அது சட்டம். அதையும் எந்தத் திரையில் சொல்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும்.

பெயர், இனம், மதம், சாதி, பாலினம் இவற்றை மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். பார்க்கலாம், ஆனால் கூட்டுச் சராசரியை மட்டும் காட்டுங்கள். இன்னார் இன்ன பெயருக்கு இவ்வளவு கொடுத்தார் என்று ஒருவரைத் தனியாகக் காட்டினால் அது பாடமாக இருக்காது, அந்த மாணவர் அதற்குப் பிறகு வாயே திறக்கமாட்டார். அதுவுமில்லாமல், முப்பது பேர் உள்ள வகுப்பில் இரு பாதிகளுக்கு இடையே சின்ன வித்தியாசம் வந்தால் அது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். அதையும் சொல்லிவிட வேண்டும். வித்தியாசம் வரவில்லை என்றால் பாரபட்சமே இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது.

இந்த இடத்தில் ஒரு பக்கக் கதை. நீதிபதிகள் பசியோடு இருந்தால் கடுமையாகத் தீர்ப்பளிப்பார்கள் என்ற கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இஸ்ரேலில் பரோல் முடிவுகளை வைத்து 2011-இல் வந்த ஆய்வு அது. அமர்வின் தொடக்கத்தில் 65 சதவீதம் அளவில் இருந்த சாதகமான முடிவுகள், இடைவேளைக்கு முன் பூஜ்யத்தை நெருங்கின என்றது. கேட்கச் சுவையாக இருப்பதால் எல்லா வகுப்பிலும் சொல்லப்படுகிறது. அதே ஆண்டிலேயே வந்த மறுப்பு அவ்வளவாகப் பரவவில்லை: வழக்குகள் வந்த வரிசை தற்செயலானதல்ல, வழக்கறிஞர் இல்லாத கைதிகள் பெரும்பாலும் அமர்வின் கடைசியில்தான் வந்தார்கள், அவர்களுக்கு எப்படியும் வாய்ப்புக் குறைவு. சிமுலேஷனில் நேர நெருக்கடி வைத்து, கடைசி வழக்குக்கு இரண்டு நிமிடம்தான் என்று செய்து பார்ப்பது நல்ல பயிற்சி. ஆனால் அந்த சாப்பாட்டுக் கதையை நிரூபணமான உண்மையாகச் சொல்லாதீர்கள்.

சரி, எண்கள் வந்துவிட்டன, கோடுகள் வரைந்தாகிவிட்டது. இதோடு நிறுத்தினால் மாணவர் 'எல்லாமே ஆளைப் பொறுத்தது, நீதியாவது ஒன்றாவது' என்ற முடிவுக்குப் போய்விடுவார். எண்ணைவிட முக்கியமானது காரணம். இறுதித் தண்டனையோடு 150 சொல்லில் ஒரு தீர்ப்புரை எழுத வேண்டும், அதுவும் மற்றவர்களின் எண்களைப் பார்ப்பதற்கு முன்பே. கூட்டும் காரணம் எது, குறைக்கும் காரணம் எது, எதற்கு ஏன் அதிக எடை, சிறை என்றால் ஏன் வேறெதுவும் போதாது. மதிப்பெண் போட வேண்டிய கட்டாயம் இருந்தால் இதற்குப் போடுங்கள், எண்ணுக்கு வேண்டாம்.

அடுத்த வகுப்பில் மேல்முறையீடு. ஒருவர் எழுதிய தீர்ப்புரை பெயர் இல்லாமல் இன்னொரு குழுவுக்குப் போகும். 'நாங்களாக இருந்தால் வேறு தண்டனை கொடுத்திருப்போம்' என்று மட்டும் சொல்லி அதைத் தள்ள முடியாது. சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறாரா, முக்கியமான ஒன்றைக் கணக்கிலேயே எடுக்கவில்லையா, தண்டனை எந்த நியாயமான வரம்புக்கும் வெளியே இருக்கிறதா என்று காட்ட வேண்டும். முதல் சுற்றில் பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாமல் விட்டவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். முதல் சுற்றின் எண்களில் ஆளுக்கு ஆள் இருந்த பெரிய இடைவெளி, மேல்முறையீட்டுக்குப் பிறகு கொஞ்சம் சுருங்கும். முற்றிலும் மறையாது.

நிகழ்தகவு எண்ணை வைத்தும் ஒரு சுற்று நடத்தலாம், இப்போதைய மாணவர்களுக்கு அது அவசியம். அமெரிக்காவில் சில மாநிலங்களில், மறுபடி குற்றம் செய்யும் ஆபத்து இத்தனை என்று மென்பொருள் கொடுக்கும் மதிப்பெண்ணும் நீதிபதியின் கோப்பில் வருகிறது. அப்படிப்பட்ட காம்பஸ் என்ற கருவியை எதிர்த்த லூமிஸ் வழக்கில் 2016-இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம், சில எச்சரிக்கைகளோடு நீதிபதி அதைப் பார்க்கலாம், அதை மட்டுமே நம்பி முடிவெடுக்கக் கூடாது என்றது. அதே ஆண்டில் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் ஃபுளோரிடாவின் ஒரு மாவட்டத் தரவை அலசியது. பிறகு குற்றமே செய்யாதவர்களில், கறுப்பினத்தவரில் 44.9 சதவீதமும் வெள்ளையரில் 23.5 சதவீதமும் அதிக ஆபத்து உள்ளவர்கள் என்று தவறாகக் குறிக்கப்பட்டிருந்தார்கள். ஒரே மதிப்பெண் பெற்றவர்கள் எந்த இனமானாலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் மறுபடி குற்றம் செய்கிறார்கள், எனவே பாரபட்சம் இல்லை என்று கருவியின் தரப்பு வாதாடியது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் தலைவலி. ஐந்தாவது திரைக்குப் பிறகு 'ஆபத்து மதிப்பெண்: 10-க்கு 8' என்று பாதிப் பேருக்கும், 10-க்கு 3 என்று மீதிப் பேருக்கும் காட்டிப் பாருங்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எண்ணுங்கள். கேட்பவர்கள் குறைவு.

செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவியைக் குற்றவாளியாகவோ சாட்சியாகவோ பேசவைக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அது ஒவ்வொரு மாணவரிடமும் வெவ்வேறு விவரத்தைச் சொல்லும், கோப்பில் இல்லாததைக் கூசாமல் சேர்க்கும். வழக்கு எல்லாருக்கும் ஒன்றே என்ற அடிப்படை போய்விட்டால் ஒப்பிட என்ன இருக்கிறது? தலையில் மாட்டும் மெய்நிகர் கருவிக்கும் இதே கதிதான், கூடவே செலவும். நடிகர்களை வைத்து வீடியோ எடுத்தால் முகம் குறுக்கே வந்துவிடும். முகம் பார்த்துத் தண்டிப்பது பற்றியே ஒரு வகுப்பு நடத்துவதானால் வீடியோ நல்லது. மற்றபடி எழுத்து போதும்.

வழக்குத் தேர்வில் ஒரு எச்சரிக்கை. வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் வீட்டில் திருட்டுப் போனவர் இருக்கலாம், அப்பாவோ அண்ணனோ சிறையில் இருப்பவரும் இருக்கலாம். அவர்கள் கையைத் தூக்கிச் சொல்லப் போவதில்லை. பாலியல் குற்றம், குடும்ப வன்முறை, குழந்தைகள் பாதிக்கப்பட்ட வழக்கு இவற்றைப் பள்ளி வகுப்புக்கு எடுக்கவே வேண்டாம். எந்த வழக்கானாலும் முந்தின வாரமே என்ன வகைக் குற்றம் என்று சொல்லிவிடுங்கள், காரணம் கேட்காமல் விலகிக்கொள்ள வழி விடுங்கள். நிஜ வழக்கை எடுத்தால் பெயர், ஊர் எல்லாவற்றையும் மாற்றினாலும் தேடினால் கிடைத்துவிடும் என்பதால்தான் நான் கற்பனை வழக்குக்கு மாறினேன்.

கருவி என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ட்வைன் என்ற இலவச மென்பொருளில் கிளைபிரியும் திரைகளை எழுதலாம், ஆனால் பதில்களைச் சேகரிக்க அதில் தனியாக மெனக்கெட வேண்டும். நான் கூகுள் ஃபார்ம்ஸ்தான் பயன்படுத்துகிறேன். அதில் ஒரு சிக்கல் உண்டு: ஒரே படிவத்தைப் பகுதிகளாகப் பிரித்தால் மாணவர் பின்னால் போய் முந்தைய எண்ணைத் திருத்திவிடலாம், அப்படித் திருத்தினால் அந்தக் கோடே பொய். அதனால் திரைக்கு ஒரு படிவம், அனுப்பியதும் வரும் செய்தியில் அடுத்த படிவத்தின் இணைப்பு. ஒவ்வொன்றிலும் மாணவர் தானே தேர்ந்த ஒரு ரகசிய எண்ணை எழுதுவார், பெயர் வேண்டாம், அந்த எண்ணை வைத்து ஐந்து பதில்களையும் கோத்துக்கொள்ளலாம். வகுப்பை இரண்டாகப் பிரிக்க, பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று கேட்டு அதற்கேற்ற பகுதிக்கு அனுப்பிவிடலாம். ஏன் கேட்கிறீர்கள் என்பார்கள், கடைசியில் சொல்கிறேன் என்று சமாளித்துவிடுங்கள்.

முதல் தடவை என்றால் ஐந்து திரை வேண்டாம். தலைப்புச் செய்தி, நிரூபணமான சங்கதிகள், குற்றவாளி பற்றிய அறிக்கை என்று மூன்று போதும், அரசுத் தரப்பு கேட்கும் எண்ணில் மட்டும் இரண்டு வடிவம். திரைகளுக்கு அரை மணி நேரம், பேச்சுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பலர் இதைத் தலைகீழாக ஒதுக்கிவிட்டு, விவாதம் சூடுபிடிக்கும்போது மணி அடித்துவிட்டது என்று வருத்தப்படுவார்கள். தீர்ப்புரையை வீட்டில் எழுதிவரச் சொல்லாதீர்கள், அதற்குள் பேசிவைத்துக்கொள்வார்கள்.